பழைய மினிடிவி அகலத்திரைக் காட்சிகள் எக்ஸ்போர்ட் செய்தால் ஒல்லியாகின்றன, போன் காட்சிகள் மங்குகின்றன

நாடாக்காரன்:
வணக்கம். பழைய மினிடிவி (MiniDV, சிறிய டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி முடித்தாயிற்று. எல்லாமே பால் (PAL) எனும் பழைய தொலைக்காட்சி முறை, 720×576, கேமராவில் அகலத்திரை என்று வைத்து எடுத்தவை. இவற்றோடு அண்மையில் போனில் எடுத்த 1920×1080 காட்சிகளையும் கலந்து ஒரே படமாகக் கொடுக்க வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றிய படம், அதனால் முகங்கள் கோணாமல் தெரிந்தாக வேண்டும்.

எடிட்டரின் டைம்லைனில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. எக்ஸ்போர்ட் செய்த கோப்பை விஎல்சி பிளேயரில் திறந்தாலும் சரியாகவே இருக்கிறது. அதே கோப்பைப் போன் கேலரியில் திறந்தால் எல்லோரும் பட்டினி கிடந்தவர்கள் போல ஒல்லி. பென் டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் செருகினால் இரண்டு பக்கமும் கறுப்பு, நடுவில் அதே ஒல்லி. எக்ஸ்போர்ட் பெட்டியில் 16:9 என்று தெளிவாகத்தான் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, போன் காட்சிகள் மட்டும் ஏனோ மங்கலாகிவிடுகின்றன, மூலக் கோப்பில் கத்தி மாதிரி இருக்கின்றன. ஒரு கேசட்டில் மட்டும் டைம்லைனிலேயே படம் நான்கு பக்கமும் கறுப்போடு நடுவில் சிறிதாக உட்கார்ந்திருக்கிறது, அது தனிக் கதை என்று நினைக்கிறேன்.

கத்தரி:
சீக்வென்ஸ் (காட்சிகளை அடுக்கும் டைம்லைன்) அமைப்பு என்ன? எக்ஸ்போர்ட் ஆன கோப்பை மீடியாஇன்ஃபோவில் (கோப்பின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) போட்டு அகலம், உயரம், காட்சி விகிதம், ஸ்கேன் வகை நான்கையும் இங்கே எழுதுங்கள். அது இல்லாமல் சொல்வதெல்லாம் ஜோசியம்.

நாடாக்காரன்:
எக்ஸ்போர்ட் கோப்பு: அகலம் 720, உயரம் 576, காட்சி விகிதம் 16:9, இன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒரு வரியாகக் கோத்த படம்), கீழ் ஃபீல்டு முதலில். சீக்வென்ஸை நான் தனியாக உருவாக்கவில்லை. முதல் கேசட் காட்சியை இழுத்துப் போட்டபோது இதற்கேற்ப அமைப்பை மாற்றட்டுமா என்று கேட்டது, சரி என்று கொடுத்தேன்.

பிக்சல்பித்தன்:
அந்தச் "சரி"யில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. ஒல்லி, மங்கல் இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

720-ஐ 576-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.25 வரும். 4:3-உம் இல்லை, 16:9-உம் இல்லை. பால் டிவி (DV) முறையில் 4:3 படமும் இதே 720×576-இல்தான் பதிவாகும், 16:9 படமும் இதே 720×576-இல்தான் பதிவாகும். பிக்சல் எண்ணிக்கையில் எந்த வித்தியாசமும் கிடையாது. பிக்சலை எவ்வளவு அகலமாக இழுத்துக் காட்ட வேண்டும் என்று கோப்புக்குள் ஒரு குறிப்பு இருக்கும், அவ்வளவுதான். விஎல்சி அந்தக் குறிப்பைப் படித்து இழுத்துக் காட்டுகிறது. உங்கள் கேலரி செயலி படிக்கவே இல்லை, இருக்கிற பிக்சலைச் சதுரமாக நினைத்து 1.25-ஆகக் காட்டுகிறது. தொலைக்காட்சி தன் போக்கில் 4:3 என்று முடிவு செய்திருக்கிறது. எக்ஸ்போர்ட் பெட்டியில் நீங்கள் கொடுத்த 16:9-உம் இந்தக் குறிப்பைத்தான் மாற்றியது, படத்தைத் தொடவில்லை. எச்டிவி (HDV, எச்டி கேசட்) கேமராக்களின் 1440×1080-உம் இதே வகைதான், ஒவ்வொரு பிக்சலும் 1.333 மடங்கு இழுபட்டால்தான் 1920 ஆகும்.

ஆகவே எந்த விகிதச் சிக்கல் வந்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதை இழுக்கப் போவது யார்? கோப்பைத் திறக்கும் எடிட்டரா, எக்ஸ்போர்ட்டா, பார்க்கிறவரின் பிளேயரா? பிளேயர் கையில் விட்டால் ஆளுக்கு ஒரு விதமாகக் காட்டும். இரண்டு பேர் இழுத்தால் 2.5-க்கு மேல் போய் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள், அதுவும் பார்த்திருக்கிறேன்: ஏற்கெனவே 1024×576-ஆக மாற்றிய கோப்புகளும் பழைய கோப்புகளும் ஒரே பின்னில் (எடிட்டரின் கோப்புறை) கிடக்க, எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து பிக்சல் விகிதத்தை மாற்றினால் இதுதான் நடக்கும். இழுப்பது ஒரே தடவைதான், அதுவும் எடிட்டருக்குள், உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும். வெளியே போகும் கோப்பில் பிக்சல் சதுரமாக, விகிதம் 1.0 ஆக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: 1920×1080, சதுர பிக்சல், புரோகிரசிவ் (இன்டர்லேஸ் இல்லாத முழு ஃபிரேம்) என்று புது சீக்வென்ஸ் ஒன்றைக் கையால் உருவாக்குங்கள். கேசட் காட்சிகளின் பண்புகளில் பால் அகலத்திரை பிக்சல் என்று இருக்கிறதா பாருங்கள் (எடிட்டிங் மென்பொருள்களில், பிரீமியரில் இன்டர்பிரட் ஃபுட்டேஜ், ரிசால்வில் கிளிப் அட்ரிபியூட்ஸ்). பழைய டைம்லைனில் இருப்பதை நகலெடுத்து இதில் ஒட்டுங்கள்.

மங்கல் ஏன் என்றால், உங்கள் 1920×1080 போன் காட்சி 720×576 சீக்வென்ஸுக்குள் நுழைந்தபோதே சுருங்கிவிட்டது. அந்த சீக்வென்ஸை அப்படியே 1080-இல் எக்ஸ்போர்ட் செய்தாலும் சுருங்கியதுதான் மறுபடி பெரிதாகும், போன விவரம் திரும்பாது. பிரீமியர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்' என்பது படத்தை சீக்வென்ஸ் அளவுக்கே குறுக்கிவிட்டுப் பிறகு வேலை செய்யும். 'செட் டு ஃபிரேம் சைஸ்' வெறும் ஸ்கேல் எண்ணை மட்டும் மாற்றும், மூலப் பிக்சல்கள் கையில் இருக்கும். பெயர்கள் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் பலரும் முதலாவதையே அழுத்திவிடுகிறார்கள்.

ஓரமாய்_ஒருவன்:
இதற்கு இவ்வளவு பாடம் எதற்கு? எஃப்எஃப்எம்பெக்கில் (கட்டளை வரியில் வீடியோவை மாற்றும் கருவி) மறு என்கோடு இல்லாமல் காப்பி போட்டு, ஆஸ்பெக்ட் 16:9 என்று ஒரு வரி கொடுத்தால் நொடியில் முடிந்தது. தரமும் குறையாது.

பிக்சல்பித்தன்:
அவருடைய கோப்பில் 16:9 என்ற குறிப்பு ஏற்கெனவே இருக்கிறதே, மேலே மீடியாஇன்ஃபோவில் எழுதியிருக்கிறார். குறிப்பை மதிக்காத செயலிக்கு அதே குறிப்பை இன்னொரு முறை எழுதிக் கொடுத்து என்ன பயன்.

தவிர, அந்த வரி மாற்றுவது கன்டெய்னரில் (வீடியோவைச் சுற்றியுள்ள கோப்பு உறை) உள்ள குறிப்பை மட்டும். உள்ளே இருக்கும் எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை) ஸ்ட்ரீமுக்குள் அதே தகவல் தனியாக இன்னொரு இடத்தில் இருக்கும், அது பழையபடியே கிடக்கும். ஒரு பிளேயர் கன்டெய்னரை நம்பும், இன்னொன்று ஸ்ட்ரீமை நம்பும். மீடியாஇன்ஃபோவில் காட்சி விகிதம் ஒன்று, 'ஒரிஜினல்' காட்சி விகிதம் வேறொன்று என்று இரண்டு வரி வந்தால் இந்த முரண்பாடுதான். மறு என்கோடு இல்லாமல் ஸ்ட்ரீமுக்குள் இருப்பதையும் திருத்த எச்264_மெட்டாடேட்டா என்ற பிட்ஸ்ட்ரீம் ஃபில்டர் உண்டு. சேமிப்பில் வைக்கும் கோப்புக்கு அது நல்லது. நாலு பேருக்கு அனுப்பும் கோப்புக்குச் சதுர பிக்சல்தான்.

ஓரமாய்_ஒருவன்:
சரி, அந்த இரண்டாவது குறிப்பு சங்கதி எனக்குப் புதிது.

ராக்கோழி:
எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பழைய காட்சிகளை எடிட்டருக்குள் அப்படியே கொண்டுபோகக் கூடாது. இன்டர்லேஸ் என்று நாடாக்காரனே எழுதியிருக்கிறார், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நொடிக்கு 25 ஃபிரேம் என்றாலும் உள்ளே இருப்பது 50 ஃபீல்டு, ஒன்றுவிட்டு ஒரு வரியாகக் கோத்தவை. அதை டீஇன்டர்லேஸ் செய்யாமல் (ஃபீல்டுகளைப் பிரித்து முழு ஃபிரேம்களாக்காமல்) 576-இலிருந்து 1080-க்குப் பெரிதாக்கினால் இரண்டு ஃபீல்டின் வரிகளும் ஒன்றோடொன்று குழைந்து, அசையும் கையின் ஓரமெல்லாம் சீப்புப் பல் தெரியும். அப்படி எக்ஸ்போர்ட் ஆன பிறகு எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது, ஏனென்றால் எந்த வரி எந்த ஃபீல்டு என்ற கணக்கே அழிந்துவிட்டது.

வரிசை இதுதான்: முதலில் டீஇன்டர்லேஸ், அப்புறம் அளவு மாற்றம். நான் எஃப்எஃப்எம்பெக்கில் பிடபிள்யூடிஃப் ஃபில்டரை ஒரு ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் என்று ஓட்டி நொடிக்கு 50 ஃபிரேம் ஆக்கிக்கொள்வேன். மினிடிவியில் கீழ் ஃபீல்டு முதலில், எச்டிவியில் மேல் ஃபீல்டு முதலில். இதை மாற்றிக் கொடுத்தால் நடக்கிறவர் ஒரு எட்டு முன்னால் வைத்து அரை எட்டு பின்னால் போவது போல நடுங்கும். 50-ஆக வந்த கோப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

போன் காட்சிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பல போன்கள் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் வேகமும் குறையும். அப்படியே டைம்லைனில் போட்டால் நீளமான காட்சியில் போகப் போக உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகே உள்ளே விடுங்கள்.

பிக்சல்பித்தன்:
டீஇன்டர்லேஸ் விஷயத்தில் முழுச் சம்மதம். ஆனால் முன்கூட்டியே மாற்றுவதென்றால் 1024×576 என்று ஒரு தடவை, எடிட்டரில் 1920×1080 என்று இன்னொரு தடவை என்று இரண்டு முறை அளவு மாற்றாதீர்கள். ஒவ்வொரு மாற்றமும் கொஞ்சம் மழுங்கடிக்கும். டீஇன்டர்லேஸ் மட்டும் செய்து 720×576-ஆகவே வைத்து, புரோரெஸ் மாதிரி எடிட்டிங் கோடெக்கில் எழுதி, இழுப்பதையும் பெரிதாக்குவதையும் எடிட்டரில் ஒரே வீச்சில் முடிக்கலாம்.

ராக்கோழி:
அல்லது நேராக 1080-க்கு. எனக்கு அதுதான் பிடிக்கும், பிக்சல் குறிப்பை எடிட்டர் தவறாக ஊகிக்க வழியே இருக்காது. இடம் அதிகம் எடுக்கும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஒரு துணுக்கு: ஸ்கேல் ஃபில்டருக்குப் பின்னால் செட்சார் 1 (பிக்சல் விகிதம் 1 என்று எழுதும் கட்டளை) என்று போட்டுவிடுங்கள். என்டிஎஸ்சி (அமெரிக்கத் தொலைக்காட்சி முறை) அகலத்திரை 720×480-ஐ 854×480 ஆக்கினால் கணக்குப்படி 853.33 வர வேண்டும், இரட்டைப்படை எண்ணுக்காக 854 என்கிறோம். எஃப்எஃப்எம்பெக் அந்த மீதியை விடாது, பிக்சல் விகிதம் 1280:1281 என்று எழுதி வைக்கும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், ஆனால் சதுரம் இல்லை என்று இறக்குமதியில் முரண்டு பிடிக்கும் மென்பொருள் உண்டு.

நிறத்தையும் பாருங்கள். பழைய காட்சி 601 எனும் ஸ்டாண்டர்ட் டெஃபனிஷன் நிற முறையில் இருக்கும், எச்டி என்றால் 709 எனும் முறை. பிக்சல் எண்ணிக்கை மட்டும் மாறி நிற முறை மாறாவிட்டால் முகத்தின் சிவப்பும் செடியின் பச்சையும் கொஞ்சம் நகர்ந்துவிடும்.

கத்தரி:
எதை எப்படிச் செய்தாலும் விகிதம் சரியா என்று கண்ணால் சோதிக்க ஒரு வட்டம் வேண்டும். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எடிட்டருக்குள்ளேயே ஒரு வட்டம் வரைந்து எக்ஸ்போர்ட் செய்து, அது வட்டமாக வந்ததும் எல்லாம் சரி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த வட்டம் சோதிப்பது டைம்லைனிலிருந்து வெளியே போகும் வழியை மட்டும். கேசட் காட்சி உள்ளே வந்த வழி சரியா என்று அதற்குத் தெரியாது. அதற்குக் காட்சிக்குள்ளேயே ஒரு வட்டம் தேட வேண்டும்: சுவர்க் கடிகாரம், நேர் பக்கவாட்டில் நிற்கும் வண்டியின் சக்கரம். ஃபிரேமை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் அளந்து பாருங்கள். விஎல்சியில் பார்க்கிறவர்கள் ஏ விசையைத் தெரியாமல் தட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், அது விகிதத்தை மாற்றிக்கொண்டே போகும்.

அந்த நான்கு பக்கக் கறுப்பு கேசட்: கேமராவில் 'சினிமா' என்று ஒரு முறை இருந்திருக்கும். அது உண்மையான அகலத்திரை இல்லை. 4:3 படத்தின் மேலும் கீழும் கறுப்பைப் பூசி 576 வரியில் 432-ஐ மட்டும் படமாக வைக்கும். அந்த 4:3 உங்கள் 16:9 சீக்வென்ஸுக்குள் வந்ததும் பக்கங்களிலும் கறுப்பு சேர்ந்துவிட்டது. அந்தக் காட்சிகளுக்கு மட்டும் 4:3 பிக்சல் என்று வைத்து 133 சதவீதம் பெரிதாக்குங்கள். மற்றவற்றைவிட மங்கலாகத்தான் இருக்கும், 432 வரிக்கு மேல் அதில் எதுவும் இல்லை.

நாடாக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. புது சீக்வென்ஸ் போட்டேன், போன் காட்சிகள் தெளிந்துவிட்டன, கேலரியிலும் தொலைக்காட்சியிலும் முகங்கள் சரி. ராக்கோழி சொன்னபடி 50-ஆக மாற்றியதில் கேசட் காட்சிகளின் அசைவு இவ்வளவு வழவழப்பாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. கடிகாரத்தையும் அளந்தேன், வட்டம்தான்.

ஆனால் இப்போது புதிதாக ஒன்று. கேசட் காட்சிகள் வரும்போது மட்டும் மேலும் கீழும் மெல்லிய கறுப்புக் கோடு. ஏறத்தாழ 13 பிக்சல். 16:9 காட்சியை 16:9 சீக்வென்ஸில் போட்டால் கோடு எப்படி வரும்?

பிக்சல்பித்தன்:
எனக்குப் பிடித்த கேள்வி இது.

நீங்கள் நினைக்கும் 16:9, முழு 720 பிக்சலுக்கும் உரியது இல்லை. ஸ்டாண்டர்ட் டெஃபனிஷனை வகுத்த 601 தரத்தில் ஒரு வரிக்கு 720 மாதிரிகள், ஆனால் அதில் படம் என்று கணக்கில் வருவது ஏறத்தாழ நடுவில் உள்ள 702. மீதி இரு ஓரங்களிலும் 9, 9 என்று விட்டு வைத்த இடம். பல கேமராக்களின் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்தால் இடது வலது ஓரத்தில் ஒரு கறுப்புக் கீற்று தெரியும், அது இதுதான். 702×576-ஐத்தான் 16:9-ஆக இழுக்க வேண்டும். அப்படியானால் முழு 720-உம் 16:9-ஐவிடக் கொஞ்சம் அகலமாக வரும்.

எடிட்டிங் மென்பொருள்கள் இதை இரு விதமாகக் கையாளுகின்றன. அடோபி பழைய பதிப்புகளில் பால் அகலத்திரைக்கு 1.4222 வைத்திருந்தது, அதாவது 720-உம் சேர்ந்து 1024 ஆகும். சிஎஸ்4-இலிருந்து 1.4587, 720 பிக்சல் 1050 ஆகும். இரண்டாவதுதான் தரத்தோடு ஒத்துப்போவது. 1050×576-ஐ 1920 அகலத்துக்குப் பொருத்தினால் உயரம் 1053 வரும். 1080-இலிருந்து 1053 போக 27, மேலே பாதி கீழே பாதி. உங்கள் 13 பிக்சல் கோடு.

அந்த கிளிப்களுக்கு ஸ்கேலை இன்னும் 2.6 சதவீதம் கூட்டுங்கள். உயரம் நிரம்பும், அகலத்தில் இரு பக்கமும் மூலத்தின் 9 பிக்சல் வெளியே போகும். போவது மேலே சொன்ன அந்த விட்டு வைத்த ஓரம்தான். கோடும் போகும், பக்கத்துக் கறுப்புக் கீற்றும் போகும். தயவுசெய்து உயரத்தை மட்டும் தனியாக இழுத்து நிரப்பாதீர்கள், 'ஸ்ட்ரெட்ச் டு ஃபில்' என்ற தேர்வு அதைத்தான் செய்கிறது.

புது_வரவு:
இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், தலைப்பு ஒன்று என்பதால் இங்கேயே கேட்கிறேன். ஒரு குறும்படத்தை 2.39 விகிதத்தில் கொடுக்க வேண்டும். 1920-ஐ 2.39-ஆல் வகுத்து 1920×803 என்று எக்ஸ்போர்ட் கொடுத்தால் உயரம் 2-ஆல் வகுபடவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. 1920×1080-லேயே கறுப்புப் பட்டை ஒட்டிக் கொடுத்துவிடலாமா?

ராக்கோழி:
803 ஒற்றைப்படை. 4:2:0 முறையில் நிறத் தகவல் நான்கு பிக்சலுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டாக. ஒற்றை வரி மிஞ்சினால் அதற்கு நிறம் வைக்க இடம் இல்லை. 804 கொடுங்கள். இதே மாதிரி 1080-உம் கோடெக்குக்கு வசதியான எண் இல்லை, எச்.264 16-இன் மடங்காக 1088 வரி எழுதிவிட்டு 8 வரியை மறை என்று குறிப்பு வைக்கும். அதைப் படிக்காத சில பழைய டிகோடர்களில் படத்தின் அடியில் பச்சைக் கோடு தெரிவது அதனால்தான்.

கத்தரி:
பட்டை ஒட்டுவதா வேண்டாமா என்பது எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. இணையத்துக்கு என்றால் ஒட்டாதீர்கள், 1920×804-ஆகவே ஏற்றுங்கள், மிச்சத்தைப் பிளேயர் பார்த்துக்கொள்ளும். யூடியூபும் பட்டையைப் படத்தோடு சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. காரணம் போன்கள். 20:9 போனின் விகிதம் 2.22, உங்கள் 2.39 அதில் திரையின் முழு அகலத்துக்கும் வந்து மேலும் கீழும் ஒரு நூல் அளவு கறுப்போடு நிற்கும். பட்டை ஒட்டிய 16:9 கோப்பு என்றால் பக்கங்களில் போன் கறுப்பு, மேலும் கீழும் நீங்கள் ஒட்டிய கறுப்பு, நாடாக்காரனின் அந்தக் கேசட் கதைதான். தொலைக்காட்சிக்கோ விழாவுக்கோ 1920×1080 என்று எழுதிக் கேட்டிருந்தால் மட்டும் மேலே 138, கீழே 138 என்று பட்டையோடு கொடுங்கள்.

ரிசால்வ் என்றால் ஒரு எச்சரிக்கை. அவுட்புட் பிளாங்கிங்கில் 2.39 தேர்ந்தெடுத்தால் அது 16:9-க்குள் கறுப்பைப் பூசுவது மட்டுமே, கோப்பு 1920×1080-தான். உண்மையான 1920×804 வேண்டுமானால் டைம்லைன் அளவையே மாற்றி, பொருந்தாத அளவுக் கோப்புகளுக்கு முழு ஃபிரேம் நிரம்ப வெட்டு என்ற தேர்வை வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஷாட்டிலும் தலை வெட்டுப்படுகிறதா என்று மேலே கீழே நகர்த்திப் பார்க்க வேண்டும், அந்த வேலைக்குக் குறுக்கு வழி கிடையாது. திரையரங்குக்கான டிசிபி என்றால் கணக்கு வேறு, 2கே ஸ்கோப் 2048×858, ஃபிளாட் 1998×1080.

புது_வரவு:
நன்றி. படம் பிடித்தது 4096×2160-இல், அதிலிருந்து 3840×2160 16:9 பிரதி ஒன்றும் கேட்கிறார்கள். இரண்டும் 4கே தானே, அப்படியே கொடுத்தால் போதுமா?

பிக்சல்பித்தன்:
போதாது. 4096×2160-இன் விகிதம் 1.896. முழு அகலமும் தெரியும்படி 3840-க்குள் சுருக்கினால் உயரம் 2025 ஆகும், 135 வரி மிஞ்சும், மேலே கீழே 67.5 என்று பாதிப் பிக்சலில் விளிம்பு விழுந்து ஓரம் மங்கும். சுருக்காமல் 100 சதவீதத்திலேயே நடுவில் வைத்து இரு பக்கமும் 128 பிக்சலை வெட்டிவிடுங்கள், கூர்மை அப்படியே இருக்கும். ஓரத்தில் ஆள் நிற்கும் ஷாட்டுகளை மட்டும் இடமோ வலமோ நகர்த்தினால் போதும்.

நாடாக்காரன்:
2.6 கூட்டியதும் கோடு போய்விட்டது, பக்கத்துக் கீற்றும் இல்லை. அந்த சினிமா முறைக் கேசட் மட்டும் 133-இல் கண்ணுக்கு உறுத்தலாக இருக்கிறது, அதை 4:3-ஆகவே நடுவில் சிறிதாக விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கத்தரி:
விடலாம், ஆனால் மேலும் கீழும் உள்ள 72, 72 வரிகளை வெட்டிவிட்டு, பின்னணியில் கறுப்புக்குப் பதில் அடர் சாம்பல் வையுங்கள். பழைய காட்சி என்று பார்க்கிறவர்களே புரிந்துகொள்வார்கள். அதே காட்சியை மங்கலாக்கிப் பின்னால் விரிப்பது மட்டும் வேண்டாம், முகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் கண் பின்னணியில் போய் அலையும்.